யுத்த ஒத்திகையும் எலுமிச்சம்பழமும்

(கிணத்துக்கடவு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இக்கூட்டத்துக்கு நாம் வந்து கொண்டிருக்கும்போது சந்தைப் பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நம்மை நிறுத்தி, "ஏனுங்க, தக்காளி விலையைப் பத்திப் பேசுவீங்க, தண்ணியைப் பத்திப் பேசுவீங்கன்னு பாத்தா, எங்கியோ பாகிஸ்தான் எல்லையில பட்டாளத்துக்காரங்க பண்ற ஒத்திகையைப் பத்திப் பேசறதா நோட்டீசு போட்டிருக்கீங்களே, அது நமக்கெதுக்குங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குற்றம் ஒன்றுமில்லை. நோட்டீஸ் போட்டவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆதலால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

2025-26ம் வருஷத்துக்கு இந்திய சர்க்கார் இராணுவ இலாகாவுக்கென்று ஒதுக்கிய தொகை 6,81,210 கோடி ரூபாய். இதை ஜனத்தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 4,600 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 23,000 ரூபாய். நமது பெரியவர் இதைத் தாம் கொடுக்கவே இல்லை என்று நினைக்கிறார். அவர் வாங்குகிற சோப்பிலும் செருப்பிலும் மோட்டார் பம்பு சாமானிலும் வரியாகப் பிடித்துக் கொண்டுதான் மீதியை அவரிடம் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் பாகிஸ்தானிலோ, அதே வருஷத்துக்கு அவர்கள் ரூபாய்க் கணக்கில் 2 லட்சத்து 55 ஆயிரம் கோடி. முன் வருஷத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். சர்வதேச நிதியத்தில் கடன் வாங்கிக் காலந்தள்ளும் ஒரு தேசம் செய்கிற காரியம் இது. சிந்துவிலே கோதுமை போடுகிற குடியானவனும் கிணத்துக்கடவிலே தக்காளி போடுகிற குடியானவனும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒருவனைச் சுடுவதற்கு மற்றவன் குண்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். பெரியவருக்கு இதில் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நிற்க, ஒத்திகை என்பதையே நாம் ஆக்ஷேபிக்கிறோம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். பட்டாளம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பழக்கமும் வேண்டியதுதான். 2024 ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி முதல் 14-ந் தேதி வரை நமது சூலூர் விமானத் தளத்திலேயே "தரங் சக்தி" என்ற பெயரில் ஒத்திகை நடந்தது. ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், இங்கிலாந்து முதலிய தேசத்து விமானங்கள் வந்து நமது விமானங்களோடு பறந்தன. சத்தத்தைத் தவிர அதனால் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் ஒரு பயமும் உண்டாகவில்லை. காரணமென்ன? சூலூருக்கு அடுத்த ஊர் பல்லடம். பல்லடத்தில் எதிரிப் பட்டாளம் கிடையாது. அதே விமானங்களையும் அதே பீரங்கிகளையும் எல்லைக் கோட்டின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் சங்கதி முற்றிலும் வேறாகிவிடுகிறது.

எப்படியென்றால், வரப்புத் தகராறு உள்ள இரண்டு தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்று தடவை வெட்டுக்குத்து நடந்து கேசும் ஆகியிருக்கிறது. ஒருநாள் விடியற்காலையில் இவன் தன் அண்ணன் தம்பி, மச்சான், பண்ணையத்து ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு அரிவாளோடு அந்த வரப்பின் மேலேயே வந்து நின்று வாழை மட்டையை வெட்டிப் பழகுகிறான். அடுத்த தோட்டத்துக்காரன் எழுந்து வந்து பார்க்கிறான். "ஒன்றுமில்லை, சும்மா பழகுகிறோம்" என்று இவன் சொன்னால் அவன் போய்ப் படுத்துக்கொள்வானா? அவனும் ஆட்களைக் கூப்பிடுவான். அவன் கூப்பிடுவதைப் பார்த்து இவன், "பார்த்தாயா, சண்டைக்குத்தான் ஆள் சேர்க்கிறான்" என்பான். அப்புறம் யாராவது ஒருவன் கால் இடறி வரப்பிலிருந்து விழுந்தாலும் போதும்.

இந்த ஊர் மலைமேல் வேலாயுதசாமி இருக்கிறார். கந்தசஷ்டி என்று முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடத்துவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஒரு யுத்த ஒத்திகைதான். சூரன் யானைத் தலையோடு வருவான், சிங்கத் தலையோடு வருவான், கடைசியில் வேல் பட்டு விழுவான். எந்தத் தலைக்கு அப்புறம் விழுவான் என்பது அங்கே கடலை விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். சூரனைத் தூக்குகிற ஆளுக்கும் தெரியும். ஆதலால் அவன் பயப்படுவதில்லை. ஆனால் எல்லையில் நடக்கும் ஒத்திகையில், சூரன் வேஷம் யாருக்கென்று வைத்திருக்கிறார்களோ அந்தப் பக்கத்து தேசத்துக்கு மட்டும் நாடகப் புத்தகத்தைக் காட்டுவதில்லை. இது நாடகமா, நிஜமா, வேல் தகரமா, இரும்பா என்பது அவனுக்குத் தெரியாது. இதுதான் இதிலுள்ள முழு ஆபத்தும்.

இது நாம் கற்பித்துச் சொல்லுவதல்ல. 1986-87ல் நடந்தே இருக்கிறது. அப்போது இந்தியாவின் பிரதம சேனாபதி ஜெனரல் சுந்தர்ஜி. அவர் செங்கற்பட்டில் பிறந்தவர். (1929ல் நமது முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்ததும் அதே செங்கற்பட்டில்தான். ஒரே ஊரிலிருந்து இரண்டு விதமான காரியம் கிளம்பலாம்!) அவர் "பிராஸ்டாக்ஸ்" என்று பெயரிட்டு ராஜஸ்தான் பாலைவனத்தில் லட்சக்கணக்கான சிப்பாய்களையும் டாங்கிகளையும் கொண்டுபோய்ப் பெரிய ஒத்திகை ஒன்றை ஏற்பாடு செய்தார். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் ஆசியாவில் இவ்வளவு பெரிய ஒத்திகை நடந்தது அபூர்வம். எதிர்ப்பக்கத்தில் இருப்பது சிந்து மாகாணம். அந்த இடத்தில் உள்ளே புகுந்தால் பாகிஸ்தானை இரண்டு துண்டாக வெட்டிவிடலாம் என்பது தேசப்படம் பார்க்கத் தெரிந்த பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

பாகிஸ்தானில் அப்போது ஆண்டது ஜெனரல் ஜியா. அவர்களும் அந்தச் சமயத்தில் தங்கள் ஒத்திகைகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை முடிந்தது, பட்டாளம் பாசறைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பதிலாகப் பஞ்சாப் எல்லையை நோக்கி நகர ஆரம்பித்தது. பஞ்சாபிலோ அப்போது காலிஸ்தான் கலவரம். இதைப் பார்த்த டில்லி பயந்துபோய், 1987 ஜனவரியில் ஆகாய விமானத்தில் ஏற்றியும் ரயிலில் ஏற்றியும் சிப்பாய்களைப் பஞ்சாப் எல்லைக்கு அனுப்பியது. அதைப் பார்த்து இஸ்லாமாபாத் இன்னும் பயந்தது. யுத்தம் செய்ய வேண்டுமென்று இரண்டு பக்கத்திலும் யாரும் தீர்மானிக்காமலேயே, இரண்டு பட்டாளமும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு முகத்தோடு முகம் நின்றன. இதற்கு நடுவில் ஜனவரி 28-ந் தேதி பாகிஸ்தானின் அணுவிஞ்ஞானி அப்துல் காதிர்கான், இந்தியப் பத்திரிகைக்காரர் குல்தீப் நய்யாரைத் தம் வீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, எங்களிடமும் அணுகுண்டு உண்டு என்னும்படியாகப் பேசிவிட்டார். அது மார்ச்சு 1-ந் தேதி லண்டன் "அப்சர்வர்" பத்திரிகையில் வெளிவந்தது. ஒத்திகை என்று ஆரம்பித்தது எதுவரையில் போய் நின்றது பாருங்கள்!

அந்த யுத்தம் எப்படி நின்றது? காளி வந்து நிறுத்தினாளா? அல்லா நிறுத்தினாரா? இரண்டு பக்கத்து வெளிநாட்டு இலாகா காரியதரிசிகள் டில்லியில் ஒரு மேஜையின் முன் உட்கார்ந்து, எந்தப் பட்டாளம் எந்த இடத்திலிருந்து எப்போது திரும்புவது என்று பகுதி பகுதியாகக் கணக்குப் போட்டு, பிப்ரவரி 4-ந் தேதி கையெழுத்துப் போட்டார்கள். அந்த மாதமே 21-ந் தேதி ஜியா ஜெய்ப்பூருக்குக் கிரிக்கெட் பார்க்க வந்து சேர்ந்தார். மூன்று வாரத்துக்கு முன்னே சுட்டுக்கொள்ள இருந்தவர்கள் பந்தாட்டம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரல்கள் உட்காருவதற்கு எப்போதும் நிழலான இடம் கிடைத்துவிடுகிறது.

பக்கத்து தேசத்தான் வீண் சந்தேகம் கொள்ளுகிறான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதற்கும் இடமில்லை. ஒத்திகை என்று சொல்லி யுத்தத்தையே நடத்தியவர்கள் உண்டு. 1973 அக்டோபரில் எகிப்து சூயஸ் கால்வாய் ஓரத்தில் ஒத்திகை நடத்துவதாகச் சொல்லிக்கொண்டிருந்து, 6-ந் தேதி கால்வாயைத் தாண்டிவிட்டது. 2022 பிப்ரவரி 10 முதல் 20 வரை ருஷியா, பெலாரஸ் நாட்டில் கூட்டு ஒத்திகை என்றது. 24-ந் தேதி உக்ரேனுக்குள் நுழைந்தது. நமக்கே ஆன அனுபவமும் உண்டு. 2020ல் லடாக் எல்லைக்கு வந்த சீனப் பட்டாளம் முதலில் ஒத்திகைக்கென்று அணி சேர்ந்த பட்டாளமே என்று அப்போது பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அந்த வருஷம் ஜூன் 15-ந் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய சிப்பாய்கள் செத்தார்கள். அவர்களில் ஒருவர் நமது இராமநாதபுரம் ஜில்லாக்காரர். இத்தனைக்கும் எல்லையருகில் பெரிய ஒத்திகை கூடாது என்று 1996லேயே சீனாவோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு.

பிராஸ்டாக்ஸில் பட்ட பயத்தினால் புத்தி வந்துதான், 1991 ஏப்ரல் 6-ந் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் யுத்த ஒத்திகைகளைப் பற்றியே தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் உள்ளது என்னவென்றால், பெரிய ஒத்திகை நடத்துமுன் அடுத்தவனுக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் ஒத்திகையே கூடாது. ஒரு டிவிஷன் அளவு பட்டாளமானால் 25 கிலோமீட்டர், ஒரு கோர் அளவானால் 45 கிலோமீட்டர் தள்ளி நடத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒத்திகையில் முக்கியப் படை பாய்கிற திசை அடுத்த தேசத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. தோழர்களே! நாம் முன் சொன்ன வரப்புத் தகராறில் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்லுவார்களோ அதையேதான் இதில் எழுதியிருக்கிறார்கள். பழகு, ஆனால் சொல்லிவிட்டுப் பழகு, தள்ளி நின்று பழகு, அவன் வீட்டுப் பக்கம் அரிவாளை ஓங்காமல் பழகு. இவ்வளவுதான். இதற்கு ஒரு வேதமும் வேண்டியதில்லை, ஓர் அவதார புருஷரும் வேண்டியதில்லை. அடிபட்டவனுக்கு இருக்கிற சாதாரண அறிவே போதும்.

ஆனால் 2025 ஏப்ரல் 22-ந் தேதி பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற பின், இந்தியா சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. பாகிஸ்தான், சிம்லா ஒப்பந்தம் உட்பட எல்லா ஒப்பந்தங்களையும் நிறுத்தி வைக்கத் தனக்கு உரிமையுண்டு என்றது. மே 7-ந் தேதி சண்டை ஆரம்பமாயிற்று. 10-ந் தேதி பிற்பகல் 3 மணி 35 நிமிஷத்துக்குப் பாகிஸ்தான் இராணுவ அதிகாரி இந்திய இராணுவ அதிகாரிக்கு டெலிபோன் செய்தார். 5 மணிக்குச் சுடுவது நின்றது. ஒரு டெலிபோன்! அந்த நாலு நாளில் இரண்டு தேசத்துக் கோயில்களிலும் மசூதிகளிலும் செய்த பிரார்த்தனைகளுக்குக் கணக்கில்லை. வேலை செய்தது டெலிபோன் கம்பி.

அதே வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, விஜயதசமியன்று, இந்திய இராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் குஜராத்தில் பூஜ் நகரத்துப் பட்டாளத்துக்குப் போய் ஆயுதங்களுக்குப் பூஜை செய்தார். கராச்சிக்குப் போகிற பாதை ஒன்று சர் கிரீக் வழியாகப் போகிறது என்றும் பேசினார். சர் கிரீக் என்பது கட்சுக்கும் சிந்துவுக்கும் நடுவில் 96 கிலோமீட்டர் நீளமுள்ள சதுப்புக் கழி. அந்த மாதக் கடைசியில், 30-ந் தேதி ஆரம்பித்து நவம்பர் 10-ந் தேதி வரை, அந்தச் சர் கிரீக் பக்கத்தையும் சேர்த்து மூன்று படைகளும் ஒத்திகை நடத்தின. அதற்கு வைத்த பெயர் "திரிசூல்". பாகிஸ்தானும் தன் பக்கத்து ஆகாய மார்க்கங்களில் சிலவற்றுக்குத் தடை அறிவிப்புப் போட்டது. யுத்தம் வரவில்லை, சந்தோஷம். ஆனால் மந்திரி பூஜை போட்டு, பாதை சொல்லி, சூலம் என்று பெயரும் வைத்த பிறகு, இது வெறும் பழக்கந்தான் என்று அடுத்தவன் எப்படி நம்புவான் என்பதே நமது கேள்வி.

இதே மந்திரி 2019 அக்டோபர் 8-ந் தேதி பிரான்சு தேசத்துக்குப் போய், முதல் ரபேல் விமானத்தை வாங்கும்போது அதன்மேல் ஓம் என்று எழுதி, தேங்காய் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். 36 விமானத்துக்குச் சுமார் 59,000 கோடி ரூபாய் பேரம். பொள்ளாச்சி ரோட்டில் தேங்காய் ஏற்றுகிற லாரிக்காரர் எலுமிச்சம்பழம் வைத்தால் அவருக்குப் படிப்பில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட விமானம் ஐந்து ரூபாய் எலுமிச்சம்பழத்தினால்தான் பத்திரமாயிருக்கும் என்றால், எலுமிச்சம்பழத்தையே எல்லையில் வரிசையாக வைத்துவிட்டு விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே!

அந்தப் பக்கத்தார் மட்டும் இளைத்தவர்களா? 1989ல் அவர்கள் நடத்திய பெரிய ஒத்திகைக்கு "ஜர்ப்-இ-மோமின்", அதாவது மத விசுவாசியின் அடி, என்று பெயர். 2025 மே மாதத்துத் தாக்குதலுக்கு வைத்த பெயர் குரானிலிருந்து எடுத்தது. அவர்கள் ஏவுகணைகள் கோரி, கஜ்னவி, அப்தாலி. எந்தக் காலத்திலோ படையெடுத்து வந்து கொள்ளையடித்தவர்களுடைய பெயர்கள். இந்தியாவோ 1974 மே 18-ந் தேதி முதல் அணுகுண்டை வெடித்து, அதற்குச் "சிரிக்கும் புத்தன்" என்று பெயரிட்டது. எறும்பையும் கொல்லாதே என்றவர் தலையிலே கொண்டுபோய் அணுகுண்டைக் கட்டினார்கள். 1987 ஜூனில் யாழ்ப்பாணத்தில் விமானத்திலிருந்து அரிசி போட்டதற்குப் "பூமாலை" என்று பெயர். அக்டோபரில் அதே யாழ்ப்பாணத்தின்மேல் பீரங்கி சுட்டதற்குப் "பவன்", காற்று என்று பெயர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பெயரில்தான் சூழ்ச்சியே இருக்கிறது. "ஒத்திகைக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டால் அது செலவுக் கணக்கு. "திரிசூலத்துக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டால் கேட்டவன் நாஸ்திகன், தேசத்துரோகி. சாமி பெயரை வைத்த உடனே கணக்குக் கேட்கும் உரிமை போய்விடுகிறது. கோயில் தர்மகர்த்தாக்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த தந்திரத்தைச் சர்க்கார்கள் கற்றுக்கொண்டன.

அந்த மே மாதச் சண்டைக்கு இந்தியா வைத்த பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சிந்தூர்", அதாவது குங்குமம். பஹல்காமில் மதத்தைக் கேட்டுக் கேட்டுச் சுட்டதாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். சுட்டவர்கள் படுபாதகர்கள் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயமில்லை. ஆனால் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்குப் போனது குங்குமமா? அவளோடு பேசிச் சிரித்த ஒரு மனிதன் போனான். புருஷன் செத்தால் பெண்ணின் நெற்றியை அழித்து மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்தை எதிர்த்து இந்த ஜில்லாவில் நமது இயக்கத்தார் எத்தனை விதவா விவாகங்களை நடத்தியிருக்கிறார்கள்! அந்த அழிக்கிற வழக்கத்தையே பட்டாளத்துக்குக் கொடியாக்கிவிட்டார்களே என்பதுதான் நமது வருத்தம். இதைச் சொன்னதற்காக ஓர் ஊரில் நம்மீது கல் விழுந்தது. விழட்டும்.

இப்போது மேஜைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. "ஒத்திகை என்றால் யாருக்கும் சேதமில்லையே, யுத்தத்தைவிட அது மேல் அல்லவா?" என்று ஒரு தோழர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. 2024 ஜூன் 28-ந் தேதி இரவு, லடாக்கில் சீன எல்லைக்குப் பக்கத்தில், ஷியோக் என்ற ஆற்றை டாங்கியோடு தாண்டும் ஒத்திகை நடந்தது. திடீரென்று வெள்ளம் வந்தது. டாங்கியிலிருந்த 5 பேரும் போய்விட்டார்கள். எதிரி யாருமில்லை, குண்டு ஒன்றுமில்லை, இருட்டும் தண்ணீருந்தான். ஒத்திகையோடு நிற்காமல் எல்லையில் அணிவகுத்து நிற்பது இன்னும் மோசம். 2001 டிசம்பரில் பார்லிமெண்டு தாக்கப்பட்ட பின் பட்டாளத்தையெல்லாம் எல்லைக்கு அனுப்பி 2002 அக்டோபர் வரையில், பத்து மாதம், நிறுத்தி வைத்தார்கள். யுத்தம் நடக்கவே இல்லை. குடியானவர்களின் வயல்களில் கண்ணிவெடி புதைத்தார்கள். பிறகு அதைத் தோண்டி எடுத்தார்கள். நடக்காத அந்த யுத்தத்தில் செத்த சிப்பாய்கள் 798 பேர் என்று 2003ல் இராணுவ மந்திரி ஜார்ஜ் பெர்னாண்டஸ் பார்லிமெண்டில் சொன்னார். யுத்தம் நடந்திருந்தாலாவது வெற்றி, தோல்வி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கிருந்து ஒரு காத தூரத்துக்குள் உள்ள ஊரில் ஓர் அம்மாளை நாம் போன மாதம் பார்த்தோம். அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். 2022ல் ஏற்படுத்திய நாலு வருஷத் திட்டத்தில் சேர்ந்தவன். நாலு வருஷம் கழித்து நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு. அந்த அம்மாள் மகனுக்காக மலைமேல் விளக்குப் போடுவதாகச் சொன்னார். நாம் கேலி செய்யவில்லை. "அங்கே அவனுக்கு வேலை என்ன என்று தெரியுமா?" என்று கேட்டோம். "ஒத்திகைதானுங்க, சண்டையில்லீங்க" என்றார். டாங்கிச் செய்தியை அவரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. எத்தனை மைல் தள்ளி, யாருக்குச் சொல்லிவிட்டு, எந்த ஆற்றில் அவனை இறக்குகிறார்கள் என்று கேட்பதற்கு அந்த அம்மாளைவிட அதிக உரிமை இந்த தேசத்தில் யாருக்கு இருக்கிறது?

இன்னொரு சீட்டு: "நாம் மட்டும் சும்மா இருந்தால் எதிரி வந்துவிட மாட்டானா?" சும்மா இருக்கும்படி நாம் சொல்லவில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறுத் தண்ணீர் விஷயத்தில் நமக்கும் மலையாளத்தாருக்கும் தகராறு இல்லையா? 1970ல் ஒப்பந்தம் எழுதினோம். முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை திருத்திக்கொள்ள வேண்டுமென்றும் அதிலேயே எழுதினோம். திருத்துவதற்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நாற்காலியிலே உட்கார்ந்து சண்டை போடுகிறோம். வாளையாற்றில் ஒருவரும் பீரங்கியைக் கொண்டுவந்து பழகிப் பார்க்கவில்லை. அதனால் பொள்ளாச்சி வாய்க்காலில் வரும் தண்ணீர் குறைந்துபோய்விடவும் இல்லை. அது ஒரே தேசத்துக்குள் நடந்த காரியம் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் பரம எதிரிகளான அந்த இரண்டு தேசங்களுமே, ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988ல் கையெழுத்துப் போட்டு, 1992 முதல் வருஷந்தோறும் ஜனவரி முதல் தேதி அந்த நிலையங்களின் ஜாபிதாவை மாற்றிக்கொண்டு வருகின்றன. கார்கில் சண்டை நடந்த பிறகும் மாற்றிக்கொண்டார்கள். முடியாது என்பதில்லை.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தீர்மானத்தை மட்டும் படித்துவிடுகிறோம்:

"எல்லைக்கு அருகில் நடத்தப்படும் யுத்த ஒத்திகைகளில் 1991ம் வருஷத்து ஒப்பந்தத்தில் கண்ட முன்னறிவிப்பும் தூரமும் இரு தேசத்தாராலும் அனுசரிக்கப்படுகின்றனவா என்பதையும், அவ்வொத்திகைகளுக்கான செலவையும், அவற்றில் இறந்த சிப்பாய்களின் தொகையையும் பார்லிமெண்டில் கேட்டு வெளியிட வேண்டுமென்று பொள்ளாச்சித் தொகுதி மெம்பரை இக்கூட்டம் கேட்டுக்கொள்ளுகிறது. சர்க்கார் செலவில் ஆயுதங்களுக்குப் பூஜை செய்வதையும், ஒத்திகைகளுக்கு மதச் சம்பந்தமான பெயரிடுவதையும் நிறுத்த வேண்டுமென்றும் தீர்மானிக்கிறது."

இதை ஆமோதிக்க ஒருவர் வேண்டும். சந்தைப் பேட்டையில் நம்மை நிறுத்தின பெரியவர் அதோ பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சம்மதமானால் அவரே ஆமோதிக்கலாம். இல்லையென்றால், ஏன் இல்லை என்பதை இங்கே மேடைக்கு வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டு, தீர்மானத்தை ஓட்டுக்கு விடும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.